சம்பளம் வாங்காத பள்ளிக்கூடம்

நியூயார்க் நகரத்தில் ஓர் அதிசயம்!

1958-ம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கோஷ்டி தலை குனிந்து நின்றது. அந்த ஆண்டில் அதுவரை அவர்கள் 17 ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள். ஜெயித்தது 1. தோற்றது 16!

அடுத்த ஆட்டம் போர்டாம் பள்ளியோடு. போர்டாம் கோஷ்டி பலம் பொருந்தியது. அதில் ஆடிய ஒரு பையன், பிற்காலத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் பெரும் புள்ளி ஆனவன். "இந்த 16 தடவை தோற்ற கோஷ்டியா நம்மை ஜெயிக்கப் போகிறது?" என்று அவர்கள் நினைத்திருந்தால், அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஜெயித்தது, 16 தடவை தோற்ற கோஷ்டிதான்!

அந்தக் கோஷ்டியின் தலைவன் ஒரு குள்ளப் பையன். உயரம் 5 அடி 7 அங்குலம். கூடைப்பந்துக்கு அது போதாது. அவன் பெயர் அந்தோணி பவுச்சி. பிற்காலத்தில் உலகம் எங்கும் பெயர் தெரிந்த டாக்டர் பவுச்சி அவன்தான்!

16 தடவை தோற்ற பிறகும் அந்தப் பையன்கள் சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை. "நீதான் பந்தை விட்டாய்" என்று ஒருவன் மேல் ஒருவன் பழி போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. 17 ஆட்டம் முடிந்து, 18-வது ஆட்டத்துக்கும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

அப்படி நிற்க அவர்களுக்குக் கற்றுக் கொடுத்த பள்ளிக்கூடத்தின் கதைதான் இது.

பெயர் சொல்லாத சீமாட்டி

பள்ளிக்கூடத்தின் பெயர் ரீஜிஸ் உயர்நிலைப் பள்ளி. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், 84-வது தெருவில் இருக்கிறது. ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளி. நடத்துகிறவர்கள் சேசு சபைத் துறவிகள்.

சேசு சபை நமக்குப் புதிது அல்ல. "தேம்பாவணி" பாடிய வீரமாமுனிவர் அந்தச் சபையைச் சேர்ந்தவரே.

1912-ம் ஆண்டில், டேவிட் ஹெர்ன் என்ற பாதிரியாரிடம் ஒரு விதவைச் சீமாட்டி பெருந்தொகை ஒன்றைத் தர முன்வந்தார். "ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் கட்டுங்கள். ஒரு காசும் சம்பளம் வாங்கக் கூடாது" என்பது அவர் விருப்பம்.

கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார். பணம் தந்தது யார் என்று வெளியே சொல்லக் கூடாது!

நம் ஊரில் கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தாலும், வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதன் மேல் பெயர் எழுதுகிறவர்கள் உண்டு. அந்த அம்மையாரோ ஒரு பள்ளிக்கூடத்தையே கொடுத்துவிட்டு மறைந்து நின்றார்.

1914-ம் ஆண்டு பள்ளி திறந்தது. பையன்கள் படித்தார்கள். தங்கள் சம்பளத்தைக் கட்டுகிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. "பள்ளியை ஏற்படுத்திய அம்மையார்" என்று மட்டும் தெரியும்.

அவர் பெயர் ஜூலியா கிராண்ட். நியூயார்க் நகர மேயராக இருந்த ஹியூ கிராண்டின் மனைவி. கணவர் 1910-ம் ஆண்டு காலமானார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தில்தான் பள்ளிக்கூடம் எழுந்தது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அங்கே சம்பளம் கிடையாது. 500-க்குச் சற்று அதிகமான பையன்கள் படிக்கிறார்கள். கிராண்ட் குடும்பத்தார் தந்த நிதி மட்டும் காலப்போக்கில் போதாமல் போயிற்று. இப்போது தோள் கொடுக்கிறவர்கள் யார்? அங்கே படித்து முடித்த பழைய மாணவர்கள்!

தாங்கள் இலவசமாகப் பெற்றதை, முகம் தெரியாத தம்பிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

மூன்று பேர், ஒரே அறை

சேசு சபையின் தொடக்கமே ஒரு மாணவர் விடுதியில்தான்.

ஸ்பெயின் தேசத்துப் போர்வீரர் ஒருவர். பெயர் இக்னேஷியஸ். நம் நாட்டுக் கத்தோலிக்கர்கள் இஞ்ஞாசியார் என்பார்கள். 1521-ம் ஆண்டு நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் நொறுங்கியது. படுக்கையில் கிடந்தபோது மனம் மாறியது. "இனி கடவுளுக்காக வாழ்வேன்" என்று தீர்மானித்தார்.

ஆனால் அதற்குப் படிப்பு வேண்டும். லத்தீன் மொழி தெரிய வேண்டும். அவருக்கோ வயது 33. என்ன செய்தார் தெரியுமா? பார்சிலோனா நகரத்தில் சின்னஞ்சிறு பையன்களோடு உட்கார்ந்து இலக்கணம் படித்தார்! தாடி வளர்ந்த மனிதர், வாண்டுகளோடு வாண்டாக வேற்றுமை உருபு ஒப்பித்தார்.

"இந்த வயதிலா படிப்பது?" என்று கூச்சப்படுகிறவர்கள் இஞ்ஞாசியாரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பாரிஸ் நகரம் சென்றார். அங்கே விடுதி அறையில் அவரோடு தங்கியிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பீட்டர் பேபர், ஏழைக் குடியானவர் மகன். மற்றவர் பிரான்சிஸ் சேவியர், பிரபு குடும்பத்துப் பிள்ளை. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மீனவ மக்களிடையே நடந்து திரிந்த அதே சவேரியார்தான்!

பேபர் வயதில் இளையவர். ஆனாலும் பாடத்தில் இஞ்ஞாசியாருக்கு உதவி செய்தார். இஞ்ஞாசியார் பேபரின் மனக்கவலைக்கு மருந்து சொன்னார். சவேரியார் முதலில் பிடி கொடுக்கவில்லை. மெதுவாக அவரும் சேர்ந்தார். 1534-ம் ஆண்டு, ஏழு நண்பர்கள் ஒரு குன்றின் மேல் இருந்த கோயிலில் சபதம் எடுத்தார்கள். 1540-ம் ஆண்டு போப்பாண்டவர் அவர்கள் சபைக்கு அனுமதி கொடுத்தார்.

1548-ம் ஆண்டு இத்தாலியில் மெசினா என்ற ஊரில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அங்கேயும் சம்பளம் கிடையாது. ஊராரும் பிரபுக்களும் தந்த நிதியில் பள்ளிகள் நடந்தன. ஆகவே, ரீஜிஸ் பள்ளி புதிதாக எதையும் செய்துவிடவில்லை. பழைய வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிள்ளையார் சுழியும் நுகத்தடியும்

நாம் எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போடுவோம் அல்லவா? சேசு சபைப் பள்ளிகளிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைத் தாளின் தலைப்பில் "ஏ.எம்.டி.ஜி." என்று நான்கு எழுத்துக்கள் எழுதுவார்கள். "கடவுளின் மேலான மகிமைக்காக" என்ற பொருள் தரும் லத்தீன் வாசகத்தின் சுருக்கம் அது. கணக்குப் பரீட்சையானாலும் சரி, கட்டுரையானாலும் சரி, "இது எனக்காக மட்டும் எழுதுவது இல்லை" என்று ஒரு பையன் தினமும் தன் கையாலேயே எழுதுகிறான்.

தண்டனைக்கும் ஒரு வேடிக்கையான பெயர். குறும்பு செய்த பையன் பள்ளி விட்ட பிறகு வீட்டுக்குப் போக முடியாது. இருந்து வேலை செய்ய வேண்டும். அந்தத் தண்டனைக்கு "ஜக்" என்று பெயர். லத்தீன் மொழியில் நுகத்தடிக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். வண்டி மாட்டின் கழுத்தில் வைக்கிறோமே, அதே நுகத்தடி! "கடவுளுக்குக் கீழ் நீதி" என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது என்று பையன்கள் தமாஷாகச் சொல்வார்கள்.

பவுச்சி படித்த நாளில் லத்தீன், கிரேக்கம் எல்லாம் படிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியும் உண்டு. அந்தப் பள்ளியின் சொற்போர் மன்றத்துக்குப் பணத்தைப் பெற்ற ஹெர்ன் பாதிரியாரின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

சேசு சபையில் சொற்போருக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. அது இஞ்ஞாசியார் சொல்லிச் சென்றது. ஒருவன் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்வதற்கு முன், அதற்கு நல்ல அர்த்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். விளங்காவிட்டால் அவனையே கேட்க வேண்டும். அவன் சொன்னது தப்பு என்றால் அன்போடு திருத்த வேண்டும். இது நம் வீட்டுக்கும் நல்ல பாடம். மாமியார் மருமகள் சண்டையில் பாதி இதனால் தீர்ந்துவிடும்!

பல சேசு சபைப் பள்ளிகளில் மேல் வகுப்புப் பையன் ஒருவன், புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அண்ணனாக நிற்கிறான். வகுப்பறைக்கு வழி காட்டுகிறான். பாடம் புரியாவிட்டால் சொல்லித் தருகிறான்.

அப்பா எழுதிய கடிதம்

அமெரிக்காவில் பல சேசு சபைப் பள்ளிகளில் கடைசி இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே ஓர் இடத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். மூன்று நான்கு நாள் தங்குவார்கள். பாடப் புத்தகம் கிடையாது. ஜெபம், தியானம், பேச்சு. "கைரோஸ்" என்று அதற்குப் பெயர். கிரேக்க மொழியில் "தக்க நேரம்" என்று பொருள்.

அங்கே பேசுகிறவர்களில் மாணவர்களும் உண்டு. வீட்டில் உள்ள கஷ்டம், உள்ளே கிடக்கும் பயம், செய்த தப்பு எல்லாவற்றையும் தோழர்களிடம் மனம் விட்டுச் சொல்கிறார்கள். "ஆண் பிள்ளை அழக் கூடாது" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பையன்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு அழுவதும் உண்டு.

அதில் ஒரு நாள், பையனுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்த ஒன்று நடக்கும். அவன் கையில் கடிதங்கள் கொடுக்கப்படும். எழுதியவர் யார்? அவனுடைய அப்பாவும் அம்மாவும்!

ஒரே வீட்டில் இருக்கிறோம். "சாப்பிட்டாயா?", "படித்தாயா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "மகனே, உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை" என்று வாய் திறந்து சொல்லும் தகப்பனார் எத்தனை பேர்? வாயால் சொல்ல முடியாததை அந்தக் கடிதம் சொல்லிவிடுகிறது.

"நாங்கள் தவறிவிட்டோம்"

சகோதர பாசம் நல்லதுதான். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. "நாம், நம் பள்ளிக்கூடம், நம் ஆட்கள்" என்று அது வாசலோடு நின்றுவிட்டால், பாசம் வெறும் கோஷ்டி மனப்பான்மை ஆகிவிடும். பெரிய உத்தியோகங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும் கூட்டமாகப் போய்விடும்.

இதைச் சேசு சபையின் தலைவரே நேருக்கு நேர் சொன்னார். அவர் பெயர் பெத்ரோ அருப்பே. வைத்தியம் படித்தவர். 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமா மேல் அணுகுண்டு விழுந்தபோது, அவர் அந்த நகரத்தின் ஓரத்தில் இருந்தார். தங்கியிருந்த மடத்தையே ஆஸ்பத்திரி ஆக்கி, காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்.

1973-ம் ஆண்டு ஸ்பெயினில் வேலன்சியா நகரத்தில், சேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். வசதி படைத்தவர்கள் பலர். அருப்பே பேச எழுந்தார். "ஆகா, எங்கள் மாணவர்களே!" என்று புகழவில்லை. "நீதிக்காக வாழ உங்களுக்கு நாங்கள் கற்றுக் கொடுத்தோமா? இல்லை" என்ற கருத்தில் பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே இனி நம் வேலை என்றார்.

கேட்டவர்களில் பலருக்குக் கோபம். ஆனால் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. "பிறருக்காக வாழும் மனிதர்கள்" என்பது உலகெங்கும் சேசு சபைப் பள்ளிகளின் தாரக மந்திரம் ஆயிற்று.

இதைவிடக் கசப்பான கதை ஒன்றும் உண்டு. 1838-ம் ஆண்டு, அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துச் சேசு சபைத் துறவிகள், தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 கறுப்பு மக்களை விற்றார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள்! ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அந்தப் பணம் உதவியது. மற்றவர்களுக்கு ஒழுக்கம் போதித்தவர்களே செய்த பாவம் இது. 2017-ம் ஆண்டு, விற்கப்பட்டவர்களின் சந்ததியார் முன்னால் சேசு சபையார் மன்னிப்புக் கேட்டார்கள். 179 ஆண்டுகள் கழித்து!

நல்ல பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது இதை ஏன் சொல்ல வேண்டும்?

இஞ்ஞாசியார் கற்றுக் கொடுத்த பழக்கம் ஒன்று, தினமும் தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது. வியாபாரி இரவில் கணக்குப் பார்ப்பதுபோல, "இன்று எது நன்றாக நடந்தது? எங்கே தவறினேன்?" என்று மனக் கணக்குப் பார்ப்பது. பல பள்ளிகளில் நடுப்பகலில் சில நிமிடம் எல்லாரும் மௌனமாக இருந்து இதைச் செய்கிறார்கள். தன் தப்பை மறைக்கும் பள்ளிக்கூடம், பையனுக்கு எப்படி இதைச் சொல்லித் தர முடியும்?

ரீஜிஸ் பள்ளியின் வாசலும் குறுகலானதுதான். ஆண் பிள்ளையாக இருக்க வேண்டும். கத்தோலிக்கனாக இருக்க வேண்டும். கடினமான பரீட்சையில் தேற வேண்டும். இந்தப் பரீட்சைகளில் தேறும் வசதி ஏழைப் பிள்ளைகளுக்கு எங்கே? அதற்காக 2002-ம் ஆண்டு முதல், ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களுக்குக் கோடை விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும் இலவசப் பாடம் நடத்துகிறார்கள். அந்தச் சிறுவர்கள் ரீஜிஸில்தான் சேர வேண்டும் என்பது இல்லை. வேறு நல்ல கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் போகலாம்.

கொலைகாரன் என்றவர் நண்பர் ஆனார்

இனி, நம் குள்ளத் தலைவனிடம் வருவோம்.

பவுச்சியின் அப்பா புரூக்ளினில் மருந்துக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேல்தான் வீடு. சிறுவன் பவுச்சி சைக்கிளில் வீடு வீடாக மருந்து கொண்டு போய்க் கொடுப்பான். ரீஜிஸ் பள்ளிக்குப் போக, சுரங்க ரயிலும் பஸ்ஸுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படிப் போய்ப் படித்தவன் 1966-ம் ஆண்டு டாக்டர் ஆனான்.

1981-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு புது நோய் தலை காட்டியது. அதற்குப் பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் வந்தது. நோயாளிகளில் பலர் ஓரினச் சேர்க்கை ஆண்கள். சமூகம் அவர்களை ஒதுக்கித் தள்ளியது. பவுச்சி, கையில் இருந்த நல்ல ஆராய்ச்சியை விட்டுவிட்டு இந்த நோய்ப் பக்கம் திரும்பினார். 1984-ம் ஆண்டு, தொற்று நோய் ஆராய்ச்சிக்கான அரசாங்க நிலையத்தின் தலைவர் ஆனார்.

நோயாளிகளுக்கு அவர் மேலும் ஆத்திரம். ஏன்? புது மருந்து ஒன்றைச் சோதித்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். விதிகள் கடுமை. அதற்குள் நோயாளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1988-ம் ஆண்டு லாரி கிரேமர் என்ற எழுத்தாளர், பவுச்சியைக் கொலைகாரன் என்று பத்திரிகையிலேயே எழுதினார். அலுவலகத்துக்கு முன் ஆர்ப்பாட்டம் நடந்தது.

மற்றவராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். பவுச்சி என்ன செய்தார்? ஆர்ப்பாட்டக்காரர்களின் பிரதிநிதிகளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர்கள் கூட்டத்துக்கும் போனார். கேட்டார். "இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது" என்று கண்டார். சோதனையில் சேர முடியாத நோயாளிகளுக்கும் மருந்து கிடைக்க வழி செய்யும் திட்டத்துக்கு 1989-ம் ஆண்டு ஆதரவு கொடுத்தார். வசை பாடிய கிரேமர் பிற்பாடு அவருடைய நண்பர் ஆனார்!

எதிரி சொல்வதிலும் நல்ல அர்த்தம் உண்டா என்று பார்க்கும் பழைய பாடம் அல்லவா இது?

2003-ம் ஆண்டு, ஏழை நாடுகளுக்கு எய்ட்ஸ் மருந்து கொடுக்கும் பெரிய திட்டத்தை அமெரிக்கா தொடங்கியது. அதை வகுத்தவர்களில் பவுச்சி முக்கியமானவர். 20 ஆண்டுகளில் அந்தத் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்தது என்று அமெரிக்க அரசாங்கம் கணக்குச் சொன்னது. அதில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க மக்கள்.

கொரோனா காலத்தில் அவரைப் போற்றியவர்களும் உண்டு, தூற்றியவர்களும் உண்டு. 2022-ம் ஆண்டு பதவியிலிருந்து விலகினார். தன்னை உருவாக்கியது சேசு சபைப் படிப்புதான் என்பதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

எல்லாப் பையனும் பவுச்சி ஆக முடியாது. ஆகவும் வேண்டாம். வாத்தியாராகலாம், வக்கீலாகலாம், கடை வைக்கலாம். ரீஜிஸ் பள்ளி தன் பிள்ளையிடம் கேட்கும் சம்பளம் ஒன்றுதான்: "உனக்கு யாரோ கொடுத்தார்கள். நீ யாருக்காவது கொடு."

காலை வேளை. நியூயார்க் சுரங்க ரயிலில், தோளில் பையுடன் பள்ளிக்குப் போகிறான் ஒரு சிறுவன். அவனுக்காகச் சம்பளம் கட்டியவர் யாரோ ஒரு பழைய மாணவர். ஒருவேளை அவர் அதே ரயில் பெட்டியில், எதிர் ஆசனத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கலாம். இவனுக்கு அவரைத் தெரியாது. அவருக்கும் இவனைத் தெரியாது.

ஆனாலும் அவர்கள் அண்ணன் தம்பிகள்!